வாசகர் கேள்வி – பதில்: யாழ்ப்பாணமும் ஒன்பது ஜனாதிபதித் தேர்தலும்

போன இதழில ஜனாதிபதித் தேர்தல் கணக்கு பற்றி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு எதிர்பார்க்கேல்ல. கனபேர் கேட்டது ஒரே விசயத்தைத்தான், 1982 தொடக்கம் இண்டைக்கு வரைக்கும் யாழ்ப்பாணச் சனம் எப்பிடி வோட் போட்டிருக்கு, அதில ஏதாவது ஒரு போக்கு தெரியுதோ எண்டு. அதால இந்த முறை பகுதி முழுக்க அதுக்கே குடுத்திட்டம். வாசகர்களின்ர பேரை விட்டிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கு.

வாசகர், கொக்குவில்: எப்பவும் தோற்கிற ஆளுக்குத்தான் நாங்கள் புள்ளடி போடுறம் எண்டு அப்பா சொல்லுவார். உண்மையோ?

அப்பா சொல்லுறது முக்கால்வாசி உண்மை. இதுவரைக்கும் சனம் நேரடியா வாக்களிச்ச ஜனாதிபதித் தேர்தல் ஒன்பது நடந்திருக்கு (2022ல ரணில் பாராளுமன்றத்துக்குள்ள தெரிவானவர், அது கணக்கில வராது). அதில யாழ் தேர்தல் மாவட்டத்தில (கிளிநொச்சியும் இதுக்குள்ளதான்) முதலாவதா வந்தவையைப் பாருங்கோ. 1982ல குமார் பொன்னம்பலம், 1988ல சிறிமாவோ, 1994லயும் 1999லயும் சந்திரிகா, 2005ல ரணில், 2010ல சரத் பொன்சேகா, 2015ல மைத்திரிபால சிறிசேன, 2019லயும் 2024லயும் சஜித் பிரேமதாச. இதில நாடு முழுக்க வெண்டது சந்திரிகா ரெண்டு தரம், மைத்திரி ஒரு தரம், அவ்வளவுதான். ஒன்பதில மூண்டு.

ஆனா அந்த மூண்டிலயும் 1994ஐயும் 1999ஐயும் நான் யாழ்ப்பாணத்தின்ர முடிவு எண்டு எடுக்க மாட்டன், ஏன் எண்டு கீழ வேற கேள்வியில வருது. அப்ப மிஞ்சிறது 2015 மட்டும்தான். யாழ்ப்பாணத்தில பெரும்பாலான சனம் சாவடிக்குப் போய், அவை போட்ட ஆளே ஜனாதிபதியா வந்தது நாற்பது வருசத்துக்கு மேலான இந்தக் கதையில ஒரேயொரு தரம்தான் நடந்திருக்கு. ஒரு சமூகத்துக்கு இது சின்ன விசயமில்ல, ஒவ்வொரு தரமும் வோட் போட்டிட்டு அடுத்தநாள் விடிய ரேடியோவில வேற ஆளின்ர வெற்றியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒண்டு எங்களிட்ட இருக்கு, பிறகு அவையிட்டப் போய் ஏன் உங்களுக்கு தேர்தலில நம்பிக்கையில்ல எண்டு கேக்கிறதில ஞாயம் இல்ல.

வாசகி, சுன்னாகம்: 1982ல கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாணத்தில நிறைய வோட் விழுந்தது எண்டு எங்கட அம்மப்பா சொல்லுவார். சிறிமாவோவின்ர கட்சிக்கு, அதுவும் தரப்படுத்தல் (பல்கலைக்கழகம் போறதுக்குத் தமிழ்ப் பிள்ளையளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டின முறை) கொண்டுவந்த கட்சிக்கு, எங்கட சனம் எப்பிடிப் போட்டது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். அம்மப்பா சொன்னது சரி. அந்த வருசம் யாழ் மாவட்டத்தில குமார் பொன்னம்பலம் 87,263 எடுத்து முதலாவது, ஹெக்டர் கொப்பேகடுவ 77,300 எடுத்து ரெண்டாவது, வீதத்தில பாத்தால் 40க்கு 35. அப்ப ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தன 44,780, அண்ணளவா 20 வீதம். பத்தாயிரம் வோட் வித்தியாசத்தில சைக்கிள் (பொன்னம்பலத்தின்ர சின்னம்) கையை (கொப்பேகடுவவின்ர சின்னம்) வெண்டிருக்கு.

கொப்பேகடுவ 1970ல இருந்து 77 வரைக்கும் சிறிமாவோ அரசாங்கத்தில விவசாய, காணி அமைச்சர். அந்தக் காலம் வெளியில இருந்து வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு வாறதைக் கட்டுப்படுத்தி வைச்சிருந்தவை. அதால வலிகாமத்துச் செம்மண்ணில வெங்காயம் வைச்சவனுக்கும் வன்னியில மிளகாய் வைச்சவனுக்கும் கையில காசு புழங்கினது, கல்வீடு கட்டினது, தண்ணி இறைக்கிற மிசின் வாங்கினது எல்லாம் அந்த ஏழு வருசத்துக்குள்ளதான். 77ல ஜே.ஆர். வந்து திறந்த பொருளாதாரம் எண்டு கதவைத் திறந்து விட்டார், வெளிநாட்டுச் சாமான் இறங்கத் தொடங்கினதோட தோட்டக்காரன் வைச்ச விலை நிக்கேல்ல. அந்த நட்டத்தின்ர கணக்குத்தான் அந்த 77,300க்குள்ள நிறைய இருக்கு.

இதே கட்சிதான் சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் குடுத்த 72 அரசியலமைப்பைக் கொண்டுவந்தது, நீங்கள் சொன்ன தரப்படுத்தலும் அவையின்ர காலம்தான், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில சனம் செத்ததும் அவையின்ர ஆட்சியிலதான். படிக்கிற பிள்ளை இருந்த வீட்டுக்கும் தோட்டம் இருந்த வீட்டுக்கும் ஒரே கட்சி ரெண்டு விதமாத் தெரிஞ்சிருக்கு, சில வீடுகளில ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கும். அதோட 1981 ஜூனில யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு ஒண்டரை வருசம்கூட ஆகேல்ல, அது நடந்தது ஜே.ஆரின்ர யூ.என்.பி. ஆட்சியில, அப்ப அவையின்ர யானைச் சின்னத்தை விழுத்தக்கூடிய ஆள் ஆர் எண்டு பாத்தாலும் கை எண்டுதான் வரும். (சிறிமாவோவின்ர குடியியல் உரிமையை 1980ல பறிச்சதாலதான் கொப்பேகடுவ நிண்டவர் எண்டதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.)

யாழ்ப்பாணத்தான் இனப் பிரச்சினைக்கு மட்டும்தான் வோட் போடுவான் எண்டு கொழும்பிலயும் சொல்லுவினம், எங்கட ஆக்களும் பெருமையாச் சொல்லுவினம். 1982 அதை மறுக்குது. வயிறும் விலையும் எங்கட புள்ளடியில எப்பவும் இருந்தது, சண்டை வந்த பிறகு அது வெளியில தெரியேல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு விசயம், அந்த வருசம் நாடு முழுக்க 81 வீதம் வாக்களிக்க யாழ்ப்பாணத்தில 46 வீதம்தான். தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளர் நிப்பாட்டேல்ல, இந்தத் தேர்தல் எங்களுக்கில்ல எண்டு ஒதுங்கி நிண்டது. அதைக் கேட்டு வீட்டில இருந்தவை பாதிக்கு மேல. பதிவில இருந்த நூறு பேரை எடுத்தால் குமார் பொன்னம்பலத்துக்குப் போட்டவை 18 பேர் அளவில, கொப்பேகடுவவுக்கு 16, ஜே.ஆருக்கு 9, போகாமலே விட்டவை 54. அந்த 54தான் முதலாவது.

வாசகர், சாவகச்சேரி: 1994ல சந்திரிகாவுக்கு யாழ்ப்பாணம் 96 வீதம் குடுத்தது எண்டு ஒரு பதிவு வட்ஸ்அப்பில சுத்துது. அந்தளவுக்கோ?

வீதம் சரி, கதை பிழை. சந்திரிகா எடுத்தது 16,934 வோட், அது விழுந்த செல்லுபடியான வாக்கில 96.35 வீதம். ஆனா மொத்த மாவட்டத்திலயும் வாக்களிச்சவை 3 வீதம்கூட இல்ல. அந்த நேரம் குடாநாடு புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்தது, வாக்களிப்பு நடந்தது தீவுப்பகுதி மாதிரி அரசாங்கத்தின்ர கையில இருந்த இடங்களிலதான். நூறு பேரில மூண்டு பேர் போய், மூண்டு பேரும் ஒரே ஆளுக்குப் போட்டால் நூறு வீதம் எண்டு வரும்தானே.

அதுக்காக அப்ப சந்திரிகாவுக்கு யாழ்ப்பாணத்தில ஆதரவு இருக்கேல்ல எண்டும் சொல்லேலாது. சமாதானம் எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஆள், சனத்துக்கு அவவில ஒரு எதிர்பார்ப்பு இருந்தது அந்தக் காலம் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை அளந்து சொல்ல இந்த 16,934 காணாது. 1999லயும் இதே பிரச்சினை. அப்ப குடாநாடு ஆமியிட்ட, 95 ஒக்டோபர் கடைசியில ஊரே எழும்பி சாவகச்சேரிப் பக்கமும் வன்னிக்கும் போய் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்த சனம், கிளிநொச்சி புலிகளிட்ட. வாக்களிச்சவை 19 வீதம், சந்திரிகா 52,043, ரணில் 48,005. நாலாயிரம் வோட்டில சந்திரிகா முந்தினவ. அஞ்சு வருசத்துக்கு முந்தி 96 வீதம் எடுத்தவ 47 வீதத்துக்கு இறங்கினவ எண்டு கோடு கீறி ஆரும் காட்டினால் நம்பாதேங்கோ, ரெண்டு தேர்தலிலயும் வாக்களிச்சது ஒரே சனமில்ல.

1988ஐயும் இதோட சேர்த்துச் சொல்லிவிடுறன், அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல, ஆனா எனக்கு அது பெரிய விசயமாத் தெரியுது. இந்திய ஆமி நிண்ட நேரம், 22 வீதம்தான் வாக்களிப்பு. சிறிமாவோ 44,197, ஒஸி அபேகுணசேகர 42,198, ரணசிங்க பிரேமதாச (சஜித்தின்ர அப்பா) 33,650. ஒஸி ஆர் எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது, இடதுசாரிக் கூட்டின்ர வேட்பாளர், இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் அதிகாரப் பகிர்வையும் தெற்கில நிண்டு வெளிப்படையா ஆதரிச்ச ஆள், அதுக்காக அந்த ஒப்பந்தத்தை எதிர்த்த ஜே.வி.பி.யின்ர துவக்குக்கு முன்னால நிண்டு பிரசாரம் செய்தவர். நாடு முழுக்க 4.63 வீதம் எடுத்தவருக்கு யாழ்ப்பாணத்தில 35 வீதம். வடக்கு கிழக்கு மாகாண சபையில இருந்த தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆதரவு குடுத்ததும் ஒரு காரணம், அந்த நிலைமையில வாக்களிப்பு எவ்வளவு சுதந்திரமா நடந்தது எண்ட கேள்வியும் இருக்கு. இருந்தாலும் சிங்கள வேட்பாளர் ஒருத்தர் எங்களுக்காகக் கதைச்சால் யாழ்ப்பாணம் கவனிக்கும் எண்டதுக்கு அது ஒரு சாட்சி.

வாசகர், ரொறொன்ரோ: 2005ல யாழ்ப்பாணம் வாக்களிச்சிருந்தால் ரணில் வெண்டிருப்பார், சண்டை அப்பிடி முடிஞ்சிருக்காது எண்டு இஞ்ச இன்னமும் சண்டை பிடிக்கினம். கணக்கு என்ன சொல்லுது?

சண்டை எப்பிடி முடிஞ்சிருக்கும் எண்டதுக்கு என்னட்டப் பதில் இல்ல, வோட் கணக்கைச் சொல்லுறன்.

மகிந்த எடுத்தது 4,887,152, ரணில் 4,706,366. வித்தியாசம் 180,786. யாழ் மாவட்டத்தில பதிவில இருந்தவை 701,938 பேர், வாக்களிச்சவை 1.21 வீதம். ரணிலுக்கு 5,523, மகிந்தவுக்கு 1,967. இந்தத் தேர்தலில தமிழருக்கு அக்கறை இல்ல எண்டு புலிகள் பக்கம் அறிவிச்சது, பகிஷ்கரிப்பு, பயம், எல்லாம் சேர்ந்து சாவடி வெறிச்சோடிப் போச்சு. ரணிலுக்கு 70 வீதம் எண்டு பேப்பரில நிக்குது, பதிவில இருந்த ஆயிரம் பேருக்கு 8 பேர் எண்டதுதான் அதின்ர அர்த்தம்.

இப்ப யாழ்ப்பாணம் வழமையா வாக்களிச்சிருந்தால்? ஒப்பிட இருக்கிறது 2004 ஏப்ரல் பாராளுமன்றத் தேர்தல், அதில செல்லுபடியான வாக்கு 2 லட்சத்து 84 ஆயிரம் அளவில (கள்ளவோட்டு முறைப்பாடும் அதுக்குள்ள இருந்தது, அதையும் மனசில வைச்சிருங்கோ). அவ்வளவு சனமும் வந்து, நூறில 80 பேர் ரணிலுக்கும் 20 பேர் மகிந்தவுக்கும் போட்டிருந்தால் ரணிலுக்குக் கூடுற வித்தியாசம் 1 லட்சத்து 70 ஆயிரம். அது 180,786க்குக் காணாது. 90க்கு 10 எண்டு போயிருந்தால் 2 லட்சத்து 27 ஆயிரம், காணும். அப்ப யாழ்ப்பாணம் தனிய மயிரிழையில நிக்குது, ஆனா வன்னியிலயும் மட்டக்களப்பிலயும் சனம் வழமை மாதிரி வந்திருந்தால், அங்கயும் வாக்களிப்பு விழுந்துதான் கிடந்தது, ரணில் தாண்டியிருப்பார் எண்டுதான் நான் நினைக்கிறன்.

இதில கனபேர் விடுற இன்னொரு இடம் இருக்கு. ஜனாதிபதியா வர பாதிக்கு மேல வேணும், மகிந்த அந்தக் கோட்டைத் தாண்டினது 28 ஆயிரத்துச் சொச்ச வோட்டால. மற்ற ஆக்களுக்கு இன்னும் 57 ஆயிரத்து ஐந்நூறு வோட் விழுந்திருந்தாலே அவர் 50 வீதத்துக்குக் கீழ, ரெண்டாம் விருப்பு வாக்கு (சீட்டில 2 எண்டு போட்டது) எண்ண வேண்டி வந்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பதிவில அது பன்னிரண்டில ஒரு பங்கு. அந்தக் கட்டத்திலயும் ரணில் கட்டாயம் வெண்டிருப்பார் எண்டு சொல்ல வரேல்ல, மகிந்ததான் முன்னுக்கு நிண்டிருப்பார், ஆனா அவ்வளவு கிட்டவாக் கிடந்தது எண்டது உண்மை. போகாத வோட்டும் ஒரு முடிவை எடுக்கும் எண்டதை எங்கட சனம் படிச்ச விலை கூடினது, அதைப் பற்றி எழுதேக்க இண்டைக்கும் கை கொஞ்சம் நிண்டுதான் எழுதுது.

வாசகி, உடுப்பிட்டி: சண்டையை நடத்தின ஆமிக் கொமாண்டருக்கு 2010ல நாங்கள் 64 வீதம் போட்டிருக்கிறம். என்ர பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த முடியேல்ல.

விளங்கப்படுத்த கஷ்டம்தான். சண்டை முடிஞ்சு எட்டு மாசம், முகாமில சனம், ஆரைத் தேடுறது எண்டு தெரியாமல் வீடுகள். வாக்குச் சீட்டில வெல்லக்கூடிய ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர், ஒருத்தர் கட்டளை குடுத்த ஜனாதிபதி, மற்றவர் அதை நடத்தின தளபதி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரிச்சது, ஆட்சி மாறோணும் எண்டு. சனம் போட்டது அந்த ஆளைப் பிடிச்சு இல்ல, மற்ற ஆளை இறக்க. பொன்சேகாவுக்கு 113,877, மகிந்தவுக்கு 44,154. தமிழ் வேட்பாளரா சிவாஜிலிங்கமும் நிண்டவர், நாடு முழுக்கச் சேர்த்தே பத்தாயிரம் எடுக்கேல்ல.

பிள்ளைக்கு இன்னொண்டையும் சொல்லுங்கோ, அந்த 64 வீதம் விழுந்த தேர்தலில வாக்களிக்க வந்தவையே 26 வீதம்தான். நாலில மூண்டு பேர் அந்த ரெண்டு பேரில ஒருத்தரையும் தெரியப் போகேல்ல, அல்லது போக ஏலாமல் இருந்தவை, அல்லது நாட்டிலயே இல்ல.

2010, 2015, 2019 மூண்டு தரமும் யாழ்ப்பாணத்தில வெண்டது ஒரே சின்னம், அன்னம். ஆள் மூண்டு, பின்னணி மூண்டு, எதிராளி எண்டு பாத்தால் ராஜபக்ச குடும்பம். 22 வீதம் மகிந்தவுக்கு 2015ல, 6 வீதம் கோட்டாபயவுக்கு 2019ல. இந்தப் பத்து வருசத்தில மாத்திரம்தான் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நேர்கோடான போக்கு இருந்தது எண்டு சொல்லலாம், அது ஆரையும் ஆதரிச்ச போக்கில்ல, ஒரு வீட்டை எதிர்த்த போக்கு.

வாசகர், மானிப்பாய்: மைத்திரியை நாங்கள்தான் கொண்டு வந்தம் எண்டு சொல்லுறது சரியோ?

யாழ்ப்பாணம் தனிய எண்டால் இல்ல. மைத்திரிக்கு 253,574, மகிந்தவுக்கு 74,454, இங்க வித்தியாசம் 179,120. நாடு முழுக்க வித்தியாசம் 449,072. யாழ் மாவட்டத்தை முழுசா எடுத்து வெளியில வைச்சாலும் மைத்திரி 50 வீதத்துக்கு மேலதான் நிப்பார், நான் கூட்டிக் கழிச்சுப் பாத்தன். ஆனா வடக்கு கிழக்கு அஞ்சு தேர்தல் மாவட்டத்தையும் சேர்த்தால் வித்தியாசம் ஆறரை லட்சத்தைத் தாண்டுது, அதை எடுத்தால் மகிந்ததான். அப்ப நாங்கள் எண்டதுக்குள்ள மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை, வன்னி, முஸ்லிம் சனம் எல்லாரும் இருக்கினம். யாழ்ப்பாணத்தான் தனிய மாலை போட வேண்டாம்.

வாசகர், பருத்தித்துறை: 2010ல ஏழு லட்சத்துக்கு மேல இருந்த வாக்காளர் 2015ல அஞ்சு லட்சமாகக் குறைஞ்சது எப்பிடி? ஆக்களை வெட்டினவையோ?

721,359 இருந்தது 529,239 ஆனது. இதில சந்தேகப்படுறது ஞாயம், ஆனா பெரும்பகுதிக்குக் காரணம் பழைய வாக்காளர் இடாப்பு. சண்டைக் காலத்தில வீடு வீடாப் போய் இடாப்பைத் திருத்த ஏலேல்ல, செத்த ஆக்கள், வெளிநாடு போன ஆக்கள், இடம்பெயர்ந்து கொழும்பிலயும் வவுனியாவிலயும் பதிஞ்ச ஆக்கள் எண்டு எல்லாற்ற பேரும் அப்பிடியே கிடந்தது. சண்டை முடிஞ்சு ஜி.எஸ். மார் (கிராம சேவகர்கள்) படிவம் குடுத்துத் திருத்தேக்க அந்தப் பேர்கள் போச்சு. அதோட பாராளுமன்றக் கதிரையும் போச்சு, 9 இருந்தது 7 ஆகி, 2024ல 6.

போக்கு பாக்கிறவைக்கு இதில ஒரு பொறி இருக்கு. 2010ல 26 வீதம், 2015ல 66 வீதம் எண்டு பாத்தால் ஏதோ எழுச்சி நடந்த மாதிரித் தெரியும். 2010ல வாக்களிச்ச அதே 1 லட்சத்து 85 ஆயிரம் பேரை 2015 இடாப்பால பிரிச்சுப் பாருங்கோ, 35 வீதம் வரும். எழுச்சி உண்மைதான், ஆனா தெரியிற அளவு பெரிசில்ல. காங்கேசன்துறைத் தொகுதி மாதிரி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போன இடங்களில வாக்காளர் 90ல இருந்தே வேற வேற ஊரில இருந்து வாக்களிச்சவை, அதுகளை ஊரின்ர போக்கு எண்டு வாசிக்கேக்க இன்னும் கவனம் வேணும்.

வாசகி, கிளிநொச்சி: 2024தான் எனக்கு முதல் வோட். எங்கட வீட்டில அப்பா டெலிபோன், அண்ணா சங்கு, நான் திசைகாட்டி. எங்கட சனம் இப்பிடிப் பிரிஞ்சது இதுதான் முதல் தரமோ?

முதல் தரமில்ல தங்கச்சி, 1982ஐப் பாருங்கோ, 88ஐப் பாருங்கோ, ரெண்டு தரமும் மூண்டாப் பிரிஞ்சிருக்கு. ஒண்டாப் போட்ட 2015ம் 2019மும்தான் விதிவிலக்கு. 2019ல சஜித்துக்கு 84 வீதம், 312,722 வோட், பதிவில உள்ள சனத்திலயே பாதிக்கு மேல அவருக்கு. அதே சஜித் 2024ல டெலிபோன் சின்னத்தில 121,177. பின்னால சங்குச் சின்னத்தில தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 116,688, கேஸ் சிலிண்டரில ரணில் 84,558, திசைகாட்டியில அநுர 27,086. உங்கட அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் இடையில மாவட்டம் முழுக்க நாலாயிரத்து ஐந்நூறு வோட்தான் வித்தியாசம்.

தமிழரசுக் கட்சி சஜித் எண்டு அறிவிச்சது, அதே கட்சியின்ர சிறீதரன், அதுவும் உங்கட கிளிநொச்சி ஆள், சங்குக்கு நிண்டவர், கஜேந்திரகுமாரின்ர தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி ஆக்கள் பகிஷ்கரி எண்டவை. கட்சி ஒரு பக்கம் காட்ட சனம் அந்தப் பக்கம் போற காலம் முடிஞ்சுது, எனக்கு அது கவலையில்ல. அரியநேத்திரன் மட்டக்களப்பு ஆள், அவருக்கு நாடு முழுக்க விழுந்த 226,343இல பாதிக்கு மேல யாழ் மாவட்டத்தில. இதைத் தோல்வி எண்டு சொல்லுறவை, 1982ல சைக்கிளுக்கு விழுந்த 87 ஆயிரத்தையும் பக்கத்தில வைச்சுப் பாக்கோணும், தமிழ் வேட்பாளருக்குப் போடுற ஒரு கூட்டம் இஞ்ச எப்பவும் இருந்திருக்கு, ஆள் நம்பும்படியா வரேக்க அது வெளியில வருது. சிவாஜிலிங்கத்துக்கு 2019ல யாழ்ப்பாணத்தில விழுந்தது 6,845தான் எண்டதையும் சேர்த்து யோசியுங்கோ.

எனக்கு இருக்கிற கவலை வேற. விருப்பு வாக்கு. 2024லதான் முதன்முதலா ரெண்டாம் சுற்று எண்ணினவை, வெளியேறின வேட்பாளர்களின்ர 33 லட்சம் வாக்கில அநுரவுக்கும் சஜித்துக்கும் வந்து சேர்ந்தது ரெண்டே முக்கால் லட்சம்கூட இல்ல. மிச்ச ஆக்களில அனேகம் பேர் 1 எண்டு போட்டிட்டு, அல்லது ஒரு புள்ளடியோட, வந்திட்டினம். எங்கட ஆளுக்கு 1, ஆட்சிக்கு வரக்கூடியவரில குறைஞ்ச ஆபத்தான ஆளுக்கு 2 எண்டு போட சட்டம் இடம் குடுத்திருக்கு. சங்குக்குப் போட்டால் வோட் வீணாப் போகும் எண்டு சொன்னவையும், சங்குக்குப் போட்டவையும் ஒருத்தருக்கொருத்தர் பேசின பேச்சில பாதி, இந்த 2ஐ ஒழுங்காச் சனத்துக்கு விளங்கப்படுத்தியிருந்தால் தேவைப்பட்டிராது. யாழ்ப்பாணத்தில நிராகரிச்ச வாக்கும் தேசிய சராசரியை விட நல்லாக் கூட, கட்சிக்காரருக்கு மேடையில கத்த நேரம் இருந்தது, மாதிரி வாக்குச் சீட்டோட வீட்டுக்கு வர நேரம் இருக்கேல்ல.

உங்கட திசைகாட்டி பற்றி: செப்டெம்பரில அநுரவுக்கு 27,086, நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில அதே கட்சிக்கு யாழ் மாவட்டத்தில 80,830, ஆறில மூண்டு ஆசனம், முதலாவது இடம். தெற்கில இருந்து வந்த கட்சி ஒண்டு யாழ் மாவட்டத்தில பாராளுமன்றத் தேர்தலில முன்னுக்கு வந்தது அப்பதான். ரெண்டு மாசத்துக்குள்ள மூண்டு மடங்கு. ஆனா 80,830 எண்டது 25 வீதம், தமிழ் வாக்கு பல கட்சிக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் சிதறினதால அது முதலாவது. புதுப் போக்கு எண்டு சொல்ல இன்னும் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வேணும், அதுக்கிடையில ஜனாதிபதி முறையையே எடுக்கிறம் எண்டு அவையே சொல்லியிருக்கினம்.

வாசகர், ஊர்காவற்றுறை: எங்கட ஊருக்கு மட்டும் தனிய முடிவு எடுக்கலாமோ?

ஊருக்கு எடுக்கேலாது, தொகுதிக்கு எடுக்கலாம். தேர்தல் ஆணைக்குழு வெளியிடுறது தொகுதி வரைக்கும்தான், யாழ் மாவட்டத்தில 11 தொகுதி, ஊர்காவற்றுறையில இருந்து கிளிநொச்சி வரைக்கும். அந்த எல்லையள் 1978க்கு முந்தின பழைய எல்லையள், அதால 1982ஐயும் 2024ஐயும் தொகுதி தொகுதியா நேருக்கு நேர் வைச்சுப் பாக்கலாம், அது ஒரு வசதி. தபால் வாக்கு மாவட்டத்துக்கு மொத்தமா வேறயா வரும், தொகுதிக் கணக்கில சேராது, அரசாங்க உத்தியோகத்தர் கூட உள்ள ஊர் எண்டால் அதை மறக்காதேங்கோ. வீதத்தைப் பாக்க முதல் பதிவில எத்தனை, வந்தது எத்தனை எண்ட ரெண்டு எண்ணையும் எழுதி வையுங்கோ. தீவுப்பகுதிக்கு 1994ஐ மற்றத் தொகுதியளோட ஒப்பிட வேண்டாம், அந்த வருசம் மற்ற இடங்களில அனேகமா சாவடியே திறக்கேல்ல.